பிபி உள்ள பெரியவர்களுக்கு மயக்க ஊசி: மும்பை ஆபரேஷன் தியேட்டர் அனுபவம்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ்ப் பெரியவர்கள் அறுவைக்கு வந்தால், காலையில் என்ன குடித்தார்கள் என்றுதான் முதலில் விசாரிப்போம். "ஒண்ணும் சாப்பிடல, காபி மட்டும்தான்" என்பார்கள். பால் காபி குடித்தாலும் மயக்கத்துக்கு முன் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீருக்குத்தான் 2 மணி நேரம். அம்லோடிபின், பீட்டா பிளாக்கர் (நாடியைக் குறைப்பவை) போன்ற பிபி மாத்திரைகளை அன்றைக்கும் ஒரு வாய்த் தண்ணீரில் போடலாம். டெல்மிசார்டன் வகை பிபி மாத்திரையைப் பெரும்பாலும் முந்தின நாளே நிறுத்திவிடுவோம்; இல்லாவிட்டால் மயக்கம் ஏறியதும் பிபி சரிந்துவிடும். இரவில் தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை போடும் பழக்கத்தைப் பலர் வாயே திறக்கமாட்டார்கள். மகளைத் தனியாகக் கேட்டால் தெரியும்.

மேஜையில் படுத்ததும் பிபி 180 காட்டும். பயம்தான் என்று உடனே மிடசோலம் என்ற மயக்க ஊசியை ஏற்றுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பிபி அளக்கும் கைப்பட்டை சின்னதாக இருந்தாலும், மூத்திரம் முட்டினாலும் எண் கூடும். காது மிஷினைக் கழற்றி வாங்கிக்கொண்டு மராத்தியில் அதட்டினால் பாட்டிக்கு என்ன புரியும்? தமிழில் நாலு வார்த்தை பேசிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

அப்புறமும் தேவையென்றால் மிடசோலம் அரை மில்லிகிராம், மிஞ்சினால் ஒன்று. கடிகாரத்தைப் பார்த்து 2, 3 நிமிடம் பொறுக்க வேண்டும். வயதானவருக்கு ரத்த ஓட்டம் மெதுவாதலால் மருந்து மூளைக்குப் போக நேரமாகும். "ஒண்ணும் ஆகலையே" என்று அடுத்ததைத் தள்ளினால் இரண்டும் சேர்ந்து அமுக்கும். நாக்கு பின்னால் விழுந்து, ஆக்சிஜன் குறைந்து, ஆள் கைகாலை உதறுவார். அதை மயக்கம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு மூன்றாவது ஊசி போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தப்பு. மொத்தமாக 3.5 மில்லிகிராமைத் தாண்டும் தேவை அநேகமாக வராது. மிடசோலத்தை முறிக்கும் ஃப்ளூமசெனில் கொடுத்து எழுப்பினாலும் வார்டுக்கு அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். அதன் வேகம் சீக்கிரம் தணிந்து, திரும்பவும் மயக்கம் கவ்வும்.

இன்னொரு மயக்க மருந்தான டெக்ஸ்மெடிடோமிடின் என்றால் 200 மைக்ரோகிராம் உள்ள 2 மில்லியோடு 48 மில்லி சலைன். மில்லிக்கு 4 மைக்ரோகிராம். 65 வயது தாண்டியவருக்குத் தொடக்க அளவு கிலோவுக்கு அரை மைக்ரோகிராம்: 60 கிலோ ஆளுக்கு 7.5 மில்லி, 10 நிமிடத்தில். வேகமாக விட்டால் பிபி முதலில் எகிறும், பிறகு நாடி விழும். பீட்டா பிளாக்கர் போடுபவராக இருந்தால் நாடியை ஏற்றும் அட்ரோபின் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பிபியை 120-க்கு இறக்கியே தீருவேன் என்று நிற்காதீர்கள். வீட்டில் 150-லேயே பழகிய மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் 120-க்குக் கீழே போனால் ரத்தம் போதாமல் போகலாம். வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதத்துக்குள் நின்றால் போதும். அதற்குத்தான் வீட்டில் எழுதிவைத்த பிபி நோட்டைக் கேட்கிறோம்.

அன்றிரவு பெரியவர் இடம் தெரியாமல் உளறினால் தூக்க ஊசி கேட்காதீர்கள். ஆக்சிஜன், வலி, மூத்திரக் குழாய் மூன்றையும் பார்க்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டிவிடுங்கள்.