மஞ்சள் டப்பா

ஜனவரி 11

இதய வால்வு ஆபரேஷன் முடிந்து அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. வாசலில் சித்தி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்ததும் குப்பென்று சிவந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற நிறம்தான். இன்று மட்டும் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

ராத்திரி பக்கத்தில் படுத்தால் அம்மாவின் நெஞ்சுக்குள்ளிருந்து புது வால்வு கேட்கிறது. டிக், டிக், டிக்.

ஜனவரி 13

தூக்கமில்லை. வார்ஃபரின், ரத்தம் உறையாமல் இருக்கிறதுக்கான மாத்திரை, சரியாக ஆறு மணிக்குக் கொடுத்தேன். அம்மாவின் நோட்டில் டிக் அடித்தேன். அப்புறம் எழுந்து போய் டிக் அடித்தேனா என்று பார்த்தேன்.

ஜனவரி 15

பொங்கல். பானையில் கட்டிய மஞ்சள் கொத்திலிருந்து ஒரு இலையைக் கிள்ளி மோந்துகொண்டே அம்மா கேட்டாள்: "ஏங் கண்ணு, இந்தக் கெழங்க எழைச்சு தையல் மேல பூசுனா சீக்கிரம் காயுமில்ல?" நெஞ்சின் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு இருக்கிறது அந்தத் தையல். கூடாது என்று சொல்லிவிட்டேன். அம்மா பதில் பேசவில்லை. இலை மட்டும் சாயங்காலம் வரை கையிலேயே இருந்தது.

ஜனவரி 16

நேற்று சொன்னது உறுத்துகிறது. மஞ்சளால் புண் ஆறும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்தார்கள். நம் நாட்டு அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். அதை எதிர்த்து மனுப் போட்டு, இது எங்கள் வீடுகளில் காலங்காலமாக இருப்பது என்று பழைய ஏடுகளைக் காட்டி, 1997இல் ரத்து செய்ய வைத்தது. அப்படிப்பட்ட பொருளை அம்மாவிடம் வேண்டாம் என்கிறேன். ஆனால் அது அரிவாள்மணை வெட்டிய விரல். இது திறந்து மூடிய நெஞ்சு.

ஜனவரி 19

இருமல். அம்மா இருமும்போதெல்லாம் நெஞ்சைத் தலையணையால் அணைத்துக்கொள்கிறாள், அப்படித்தான் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள். பக்கத்து டாக்டர் அஞ்சு நாளுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினார்.

ராத்திரி நானாகவே மஞ்சள் பால் போட்டேன். பால் பொங்கி வரும்போது ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள், ஏற்காட்டிலிருந்து மாமா கொடுத்தனுப்பிய மிளகில் பத்துப் பதினைந்தை இடித்து அதில். மிளகு சேர்க்காவிட்டால் மஞ்சளின் சத்து உடம்பில் அவ்வளவாக ஒட்டாது. பெங்களூரில் 1998இலேயே பார்த்திருக்கிறார்கள்: மஞ்சளில் இருக்கும் குர்குமின் 2 கிராமோடு மிளகில் இருக்கும் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தால், மனித ரத்தத்தில் ஏறுவது 2000 சதவீதம் கூடுகிறது. எங்கள் ஆத்தா எதையும் படிக்காமல் மிளகைத் தட்டிப் போட்டவள். நினைத்து நினைத்துப் பெருமைப்பட்டேன்.

ஜனவரி 22

இருமல் குறைந்திருக்கிறது. காலையிலும் ஒரு டம்ளர் கேட்டாள். கொடுத்தேன்.

ஜனவரி 25

நன்றாகத் தூங்கினாள். நானும்.

ஜனவரி 27

ஐ.என்.ஆர். 5.8.

ஜனவரி 27, ராத்திரி

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்கிற கணக்குதான் ஐ.என்.ஆர்., ஏறினால் ரத்தம் கசியும். அம்மாவுக்கு 2.5லிருந்து 3.5க்குள் இருக்க வேண்டியது. டாக்டர் "புதுசா ஏதாவது கொடுத்தீங்களா?" என்றார். ஆன்டிபயாட்டிக் சீட்டை நீட்டினேன். "வேற?" ஒன்றும் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, மஞ்சள் பால் என் கணக்கிலேயே வரவில்லை. அம்மாதான் சொன்னாள், "ரெண்டு வேளையும் மஞ்சப்பாலு குடுக்குதுங்க, இருமலே போச்சு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றும், இதுவும் ஏற்றும், இதனால்தான் என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது என்றார். குழம்பில் போடுகிற சிட்டிகை எப்போதும் போல இருக்கட்டும், ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கிறது வேண்டாம். கீரையும் அப்படித்தான், ஒரேயடியாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இன்றும் நாளையும் வார்ஃபரின் கிடையாது. பல் துலக்கும்போது ரத்தம் வந்தாலோ மலம் கறுத்தாலோ தலை வலித்தாலோ உடனே ஓடி வரணும்.

நானே இடித்த மிளகு. அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. நியூசிலாந்தில் ஒருவருக்கு மஞ்சள் சேர்ந்த மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு 10க்கு மேல் போனதாம், அங்கே 2018இல் அரசாங்கமே எச்சரித்திருக்கிறது. பாட்டி வைத்தியத்தில் ஒன்றுமில்லை என்கிறவர்களிடமும் கோபம் வருகிறது, இயற்கைதானே, என்ன கெடுதல் என்கிறவர்களிடமும் கோபம் வருகிறது. ஒன்றும் செய்யாத பொருளாக இருந்தால் டாக்டர் பேனாவைக் கீழே வைத்திருப்பாரா?

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மா இதக் குடுத்துத்தான் ஆறு புள்ளைங்கள வளத்துச்சு." டிக், டிக்.

ஜனவரி 29

இடது முழங்கைக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்கிறாள். பேனாவால் அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு வைத்தேன்.

பிப்ரவரி 1

கோட்டைத் தாண்டவில்லை.

பிப்ரவரி 3

3.9. திட்டின் ஓரத்தில் மஞ்சள் பிடித்திருக்கிறது. ஆறுகிற அறிகுறியாம்.

பிப்ரவரி 5

செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். ஒரு கிலோ விரலி மஞ்சள். கடைக்காரர் ஒன்றை உடைத்துக் காட்டினார். டக்கென்று முறிந்தது, உள்ளே செங்கல்லும் பொன்னும் கலந்த நிறம். காய வைத்து மில்லில் என் கண் முன்னாலேயே அரைத்துக்கொண்டு வந்தேன். பாக்கெட்டில் பளிச்சென்று இருப்பதை நம்ப முடியவில்லை, சில இடங்களில் நிறத்துக்கு லெட் குரோமேட் கலக்கிறார்கள், அது ஈயம். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன். தூள் அடியில் போய் உட்கார்ந்தது, தண்ணீர் லேசான மஞ்சள். நல்ல மஞ்சள்.

டப்பாவில் கொட்டி மேல்தட்டில், அம்மா கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். இந்த வீட்டில் மஞ்சள் டப்பாவை ஒளித்து வைக்கிற முதல் ஆள் நான்தான்.

பிப்ரவரி 8

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி மாமா வந்தார், மடியில் மிளகுப் பையோடு. சில்வர் ஓக் மரத்தில் ஏறின கொடி, இந்த வருசம் நல்ல காய்ப்பாம். "மலையில நாங்க ஆஸ்பத்திரியவா பார்த்தோம்? சுக்கு மிளகு திப்பிலிதான்" என்றார். அம்மாவின் நோட்டைத் திறந்து 5.8ஐக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பையை என்னிடம் தராமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 10

கட்டிலுக்கு அடியில் ஒரு டம்ளர். அடியில் மஞ்சள் வண்டல், ஓரத்தில் காய்ந்த ஆடை.

கேட்டேன். அம்மா சொல்லவில்லை. மாமாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. எத்தனை நாளாக? எத்தனை ஸ்பூன்? தலையணை உறையிலும் ஒரு சொட்டுக் கறை.

பிப்ரவரி 11

உறையைத் துவைத்து மொட்டை மாடி வெயிலில் போட்டேன். சோப்பு நுரை பட்டதும் கறை சிவந்தது, ஆரத்தி மாதிரியே. மதியம் போய்ப் பார்த்தேன், வெளுத்துக்கொண்டு வருகிறது. சாயங்காலம் கறை இருந்த இடமே தெரியவில்லை.

திட்டவில்லை. பக்கத்தில் படுத்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடத்துக்கு எண்பத்திரண்டு.

பிப்ரவரி 12

காலை ஏழு மணிக்கே ரத்தம் எடுத்துப் போனார்கள். லேபிலிருந்து இன்னும் போன் வரவில்லை. அடுப்பில் புளிக்குழம்பு கொதிக்கிறது, மஞ்சள் போட்டாயா என்று அம்மா உள்ளிருந்து கேட்கிறாள்.