மீட்டியரும் பறக்கும் குண்டும்: ஒரு தீக்குச்சி இடைவெளி

நான்கு மாதமாக என் மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்த வேலை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. 1/72 அளவில் ஒரு குளோஸ்டர் மீட்டியர் எஃப்.1, அதாவது இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் ஜெட் போர் விமானத்தின் மாதிரி. அதன் இறக்கை நுனிக்கு மேலே, தொடாமல், ஒரு ஜெர்மானிய வி-1 பறக்கும் குண்டு. இரண்டும் காற்றில் இருப்பதுபோல் இரண்டு பித்தளைக் கம்பிகளின் மேல் நிற்கின்றன. செய்யும்போது நோட்டில் கிறுக்கிவைத்ததை எல்லாம் இங்கே கோர்த்து எழுதுகிறேன். இதே விமானத்தைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு உதவும்.

எந்தக் காட்சி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1944 ஜூன் 13 அன்று லண்டனில் முதல் வி-1 விழுந்தது. ஆளில்லாமல் தானே பறந்து வரும் குண்டு அது. மூக்குப் பக்கம் 850 கிலோ வெடிமருந்து. அதே கோடையில், சாமர்செட்டில் கல்ம்ஹெட் தளத்தில் ஸ்பிட்ஃபயர் என்ற புரொப்பல்லர் விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்த பிரிட்டனின் 616-ஆவது ஸ்குவாட்ரனுக்கு (விமானப்படைப் பிரிவுக்கு) ஜூலை 12-இல் முதல் மீட்டியர்கள் வந்து சேர்ந்தன. நேச நாடுகளின் பக்கம் ஜெட் விமானத்தோடு போருக்குப் போன முதல் ஸ்குவாட்ரன் இதுதான். ஜூலை 21-இல் கென்ட் கடலோரத்து மேன்ஸ்டனுக்கு இடம் மாறினார்கள். 27-இல் குண்டுகளைத் தேடி முதல்முறை கிளம்பினார்கள். அன்று ஸ்குவாட்ரன் லீடர் வாட்ஸ் ஒரு குண்டைச் சுடும் தூரத்துக்கு நெருங்கியபோது விமானத்தின் பீரங்கிகள் சுடாமல் சிக்கிக்கொண்டன.

ஆகஸ்ட் 4 பிற்பகலில் ஃபிளையிங் ஆபீசர் டீனுக்கும் அதேதான் நடந்தது. கூட்டாளிகள் அவரை டிக்ஸி என்பார்கள். 4,500 அடி உயரத்திலிருந்து பார்க்கிறார். கீழே 1,000 அடியில் ஒரு வி-1 மணிக்கு 365 மைல் வேகத்தில் லண்டன் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. மணிக்கு 470 மைல் வேகத்தில் பாய்ந்து இறங்கி நெருங்கினால் நான்கு பீரங்கிகளும் சுடவில்லை. திரும்பிப் போகாமல் குண்டுக்குப் பக்கத்திலேயே 20, 30 விநாடி இணையாகப் பறந்தார். தன் இறக்கை நுனியை அதன் இறக்கை நுனிக்குக் கீழே, சில அங்குல இடைவெளியில், மெதுவாகக் கொண்டுபோனார். பிறகு சட்டென்று மேலே இழுத்தார். குண்டு மல்லாந்து புரண்டு, டன்பிரிட்ஜுக்குத் தெற்கே நாலு மைல் தள்ளித் தரையில் விழுந்தது. ஒரு ஜெட் விமானம் வீழ்த்திய முதல் வி-1 அது. அன்றைக்கே அதே ஸ்குவாட்ரனின் ரோட்ஜர் இன்னொன்றைச் சுட்டு வீழ்த்தினார். அது சுட்டது, இது சுடாதது. எனக்கு இதுதான் வேண்டும் என்று தோன்றியது.

சரி, வேலைக்கு வருவோம்.

கிட், அதாவது ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டி, நண்பர் ஒருவரிடமிருந்து கிடைத்தது. பழைய பெட்டி, விமானத்தின் மேல் ஒட்டும் எழுத்துகளும் சின்னங்களும் உள்ள டெக்கால் தாள் மஞ்சளாகிக் கிடந்தது. ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டி, வெயில் படும்படி ஐந்து நாள் விட்டதில் மஞ்சள் பெரும்பாலும் போய்விட்டது. பழைய டெக்காலைத் தூக்கிப் போடும் முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

முதல் இரண்டு வாரமும் எஞ்சின் கூடுகளோடுதான் போனது. மீட்டியரின் இறக்கையில் இரண்டு பீப்பாய்களைச் செருகியது போல அவை தடித்து நிற்கும். பிரிட்டனின் ஜெட் எஞ்சின் முன்னோடி ஃபிராங்க் விட்டிலின் வடிவமைப்பு அப்படி: காற்றைச் சுற்றிலும் வெளிப்பக்கமாக வீசியடித்து அழுத்துகிற பெரிய சக்கரம் உள்ளே இருக்கிறது. அதனால் எஞ்சின் நீளமாக இல்லாமல் அகலமாக இருக்கும். கிட்டில் ஒவ்வொரு கூடும் இரண்டு பாதிகளாக வருகிறது, பொருத்தினால் மேலே ஒரு பள்ளம், கீழே ஒரு மேடு. பட்டி பார்த்து, காயவிட்டு, 400 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 1000 வரை தேய்த்து, பிரைமர் அடித்துப் பார்த்தால் மறுபடியும் கோடு தெரிகிறது. இப்படி மூன்று சுற்று. வளைவான இடத்தில் உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் தட்டையாகிவிடும். பழைய செருப்பின் ரப்பரை விரல் அகலத்துக்கு வெட்டி அதில் தாளைச் சுற்றித் தேய்த்த பிறகுதான் உருட்சி வந்தது.

அந்த எஞ்சினின் பெயர் வெல்லண்ட். இங்கிலாந்தில் ஓடும் ஒரு ஆறு. ரோல்ஸ்-ராய்ஸ் தன் ஜெட் எஞ்சின்களுக்கு ஆறுகளின் பெயரையே வைத்தது: வெல்லண்ட், டெர்வென்ட், நீன், ட்ரென்ட். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் ஓடிக்கொண்டே இருக்கும் எஞ்சினுக்கு ஆற்றின் பெயர் எவ்வளவு பொருத்தம்! இந்த எஞ்சினை முதலில் செய்துகொண்டிருந்தது ரோவர் கம்பெனி. 1943-இல் ரோல்ஸ்-ராய்ஸ் அந்த வேலையை வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தன் ராணுவ டேங்க் எஞ்சின் தொழிற்சாலையை ரோவருக்குக் கொடுத்தது. அந்த டேங்க் எஞ்சினின் பெயரும் மீட்டியர்தான். தேடிப் படிக்கும்போது இந்த ஒரே பெயரால் நான் ஒரு மாலை முழுவதும் குழம்பினேன்.

வெல்லண்டின் உந்துவிசை 1,700 பவுண்டு. பெரிய எண் இல்லை. ஆனால் 180 மணி நேரம் ஓடிய பிறகு பிரித்துப் பார்த்தால் போதும் என்ற நிலையில் அது ஸ்குவாட்ரனுக்கு வந்தது. எதிர்ப்பக்கம் ஜெர்மனியின் ஜெட் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 262-இன் யூமோ எஞ்சின் 25 மணி நேரம் தாக்குப்பிடித்தாலே பெரிது. வேகத்தில் 262 முந்தியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். காலையில் ஒரு விமானி நம்பி ஏறி உட்காரக்கூடிய எஞ்சின் எது என்று கேட்டால் என் பதில் வெல்லண்ட்.

பறக்கும் நிலையில் செய்வதால் சக்கரங்கள் உள்ளே போக வேண்டும். கிட்டில் கதவுகள் திறந்து தொங்குவதற்காகச் செய்யப்பட்டவை, மூடினால் பொருந்தாது. பின்னால் பிளாஸ்டிக் பட்டை கொடுத்துத் தாங்கி, ஓரங்களைச் செதுக்கி மூடினேன். விமானி பொம்மையும் கிட்டில் இல்லை. வேறொரு பெட்டியில் மிச்சமிருந்த ஸ்பிட்ஃபயர் விமானியை எடுத்துக் கையை மட்டும் வெட்டித் திருப்பினேன். அந்த மாதம் வரை ஸ்பிட்ஃபயர் ஓட்டியவர்கள்தானே! பழுப்புத் தோல் தொப்பி, மஞ்சள் மிதவை அங்கி. முகத்தை விமானத்தின் மூக்கைப் பார்க்காமல் பக்கவாட்டில், இறக்கை நுனியைப் பார்க்கும்படி ஒட்டினேன். அந்த 20, 30 விநாடியில் அவர் வேறு எங்கே பார்த்திருப்பார்?

பறக்கும் விமானம் செய்கிறவர்களுக்கு எப்போதும் உள்ள தலைவலி, சுழலும் புரொப்பல்லரை எப்படிக் காட்டுவது என்பது. இதில் அந்தப் பேச்சே இல்லை. ஜெட்டின் வாயில் உள்ளே ஆழமாகக் கறுப்பு அடித்தால் முடிந்தது. வால் இறக்கை ஏன் அவ்வளவு உயரத்தில், செங்குத்து வாலின் நடுவே இருக்கிறது என்பதும் கையில் பிடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: எஞ்சின்களிலிருந்து வரும் சூடான காற்று அதற்குக் கீழே ஒதுங்கிப் போக வேண்டும்.

பெயிண்ட் விவரம் கேட்பார்கள். மேலே கரும்பச்சையும் ஓஷன் கிரேயும், கீழே மீடியம் ஸீ கிரே. டாமியா கம்பெனியின் பெயிண்ட்களில் எக்ஸ்.எஃப்-81, 82, 83 இந்த மூன்றுக்காகவே செய்யப்பட்டவை, கலக்கவே வேண்டாம். வாலுக்கு முன்னால் ஸ்கை என்ற வெளிர்பச்சை நிறத்தில் ஒரு பட்டை வருகிறது. நிஜத்தில் 18 அங்குலம், இங்கே 6.35 மில்லிமீட்டர். பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவே கோடு மென்மையாக வர, குழந்தைகள் விளையாடும் களிமண்ணைக் கயிறாக உருட்டி வைத்து அதன் மேல் ஏர்பிரஷ் அடித்தேன். ஸ்குவாட்ரனின் எழுத்துகளான ஒய்.க்யூ.வும் இ.இ.216 என்ற எண்ணும் வெயிலில் வெளுத்த அந்தப் பழைய தாளிலிருந்தே ஒட்டினேன், ஒன்றுகூடக் கிழியவில்லை.

ஒரு தவறு செய்தேன். இரண்டு நாள் மழை பிடித்திருந்தபோது அவசரப்பட்டு வார்னிஷ் அடித்தேன். கால் மணி நேரத்தில் இறக்கை முழுவதும் வெள்ளை பூத்துவிட்டது. காற்றில் இருந்த ஈரத்தை வார்னிஷ் வாங்கிக்கொண்டதால் வந்த வினை. பதறி வழித்தெடுக்காதீர்கள். வெயில் வரும் வரை அப்படியே விட்டு, மெதுவாக உலரும் தின்னரை மட்டும் மெல்லிசாக ஒரு முறை அடித்தேன். பூப்பு கரைந்து நிறம் திரும்பியது.

அப்புறம் வி-1. இதுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

இதைக் கிட்டாக வாங்காமல் கையால் செய்தேன். நிஜத்தில் 8.3 மீட்டர் நீளம், இறக்கை விரிவு 5.37 மீட்டர், அப்படியானால் எனக்கு 115 மில்லிமீட்டர் நீளமும் 75 மில்லிமீட்டர் விரிவும். உடலுக்கு 12 மில்லிமீட்டர் மரக்கழி. டிரில் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளால் இரண்டு முனையையும் கூராக்கினேன். முதுகில் இருக்கும் எஞ்சின் குழாய்க்கு ஒரு பேனாவின் உடம்பு. மூக்கில் ஒரு குட்டி புரொப்பல்லர் உண்டு. அது குண்டை இழுப்பதற்கு இல்லை. எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணித் தூரம் கணக்கிடுவதற்கு. குறித்த எண்ணிக்கை வந்ததும் குண்டு தலைகுப்புற இறங்கும். ஊசி முனை அளவுக்கு அதையும் செய்து ஒட்டினேன்.

இறக்கையைப் பிளாஸ்டிக் அட்டையில் வெட்டி, வழக்கம்போலப் பின் ஓரத்தில் எய்லரான் மடல்களுக்கு, அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கவும் நிமிர்த்தவும் அசையும் மடல்களுக்கு, கோடு கீறினேன். எல்லா விமானத்துக்கும் கீறுவதுதானே. பிறகு படங்களோடு ஒப்பிட்டால், எந்தப் படத்திலும் அந்தக் கோடு இல்லை. தேடிப் பார்த்தேன். வி-1-க்கு எய்லரானே கிடையாது! வாலில் இடம் வலம் திருப்பும் சுக்கானும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் மட்டும்தான். உள்ளே சுழன்று திசையையும் சாய்வையும் உணரும் கைரோ சக்கரங்கள் சொல்கிறபடி அவை இரண்டும் அசைந்து குண்டை நேராக வைத்திருக்கும். ஒரு பக்க இறக்கை சட்டென்று தூக்கப்பட்டால் அதைத் திரும்பக் கீழே அழுத்த அந்த இறக்கையில் எதுவுமே இல்லை. சாய்வு ஓர் அளவைத் தாண்டினால் கைரோவும் நிலைகுலைந்துவிடும், பிறகு விழுவதுதான். டீன் செய்தது ஏன் பலித்தது என்பது எனக்கு விளங்கியது நான் கீறிய அந்தத் தப்பான கோட்டில்தான். கோட்டைப் பட்டி வைத்து அடைத்தேன்.

இந்த வித்தையை முதலில் செய்தவர் டீன் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜூன் 23-இல் 91-ஆவது ஸ்குவாட்ரனின் ஆஸ்திரேலிய விமானி கென் காலியர், தோட்டாக்கள் தீர்ந்த ஸ்பிட்ஃபயரில் இதைச் செய்திருந்தார். ஜெட்டில் முதலில் செய்தவர் டீன்.

கடைசி மூன்று வாரமும் இரண்டையும் எப்படி நிறுத்துவது என்பதிலேயே போனது. முதலில் குண்டை முப்பது பாகை சாய்த்து, மீட்டியரையும் சாய்த்து, பரபரப்பாக வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்று நாள் கழித்து எனக்கே பிடிக்கவில்லை. புரட்டியது ஒரு நொடி வேலை. அதற்கு முன்னால் 20, 30 விநாடி இருக்கிறதே! அந்த வேகத்தில் அது மூன்றிலிருந்து ஐந்து கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் இறக்கைக்குக் கீழே இறக்கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் பறந்திருக்கிறார். கம்பிகளைப் பிடுங்கி, இரண்டையும் மட்டமாக வைத்து மறுபடியும் துளை போட்டேன்.

என் தங்கை மகன் வந்து பார்த்துவிட்டு, "மாமா, இது சாயவே இல்லையே. சும்மா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல போகுது" என்றான்.

"ஸ்கேலை எடுடா. விமானி உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து குண்டோட நடு உடம்பு வரைக்கும் அள."

அளந்தான். பன்னிரண்டரை சென்டிமீட்டர், அரைச் சாணுக்குக் கொஞ்சம் அதிகம். "எழுபத்திரண்டால பெருக்கு" என்றேன். போனில் போட்டுப் பார்த்தான். ஒன்பது மீட்டர்.

"850 கிலோ மருந்துக்கு ஒன்பது மீட்டர்லயா மாமா? நம்ம தெரு அகலம்கூட இல்ல" என்றவன், ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இறக்கை நுனிகளுக்கு நடுவே எவ்வளவு விடுவது என்பதற்கு "சில அங்குலம்" என்பதை ஆறு அங்குலம் என்று எடுத்துக்கொண்டேன். 1/72-இல் அது 2.1 மில்லிமீட்டர். ஸ்கேலை அந்த இடுக்கில் நுழைக்க முடியாது. ஒரு மரத் தீக்குச்சியை அளந்தால் சரியாக இரண்டு மில்லிமீட்டர் இருந்தது. அதை இடையில் வைத்து, குண்டின் கம்பியைத் துளையில் இறக்கி, எபாக்ஸி பசை இறுகும் வரை ஓர் இரவு விட்டேன். காலையில் தீக்குச்சியை உருவி எடுத்தேன். இடைவெளி அப்படியே நின்றது.

அடுத்த கிட் பிரித்தாயிற்று: மீட்டியரின் பிந்தைய வகையான எஃப்.3. 1945 பிப்ரவரியில் 616 ஸ்குவாட்ரனின் நான்கு மீட்டியர்கள் பெல்ஜியத்தின் மெல்ஸ்ப்ரூக்குக்குப் போயின. ஜெட் என்றாலே ஜெர்மானியருடையது என்று தரையிலிருக்கும் சொந்தப் படைகள் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக உடல் முழுவதும் வெள்ளை அடித்திருந்தார்கள். முதல் நாள் பீரங்கி சிக்கிக்கொண்ட அந்த வாட்ஸ், போர் முடியப் பத்து நாள்கூட இல்லாத ஏப்ரல் 29 அன்று, மேகத்துக்குள் ஃபிளைட் சார்ஜன்ட் கார்ட்மெலின் மீட்டியரோடு மோதி இறந்தார். இருவருமே பிழைக்கவில்லை. வெள்ளை மீட்டியரை அவர்கள் இருவருக்காகத்தான் செய்கிறேன். எஃப்.1-இல் பக்கவாட்டில் திறக்கும் காக்பிட் மூடி இதில் பின்னால் நகரும்; இதைத் திறந்த நிலையிலேயே, சக்கரங்களோடு, தரையில் நிறுத்தப் போகிறேன். எஞ்சின் கூடுகளுக்கு முதல் சுற்றுப் பட்டி நேற்று வைத்தேன், இன்னும் காயவில்லை.