ஒரே கோரில் நெரிசல்: சேர்வர் அறை நாட்குறிப்பு

பெப்ரவரி 3, 2025, திங்கள்

கொக்குவில் அலுவலகத்தில் இரவுப் பிரதி இன்றைக்கும் விடியும்வரை முடியவில்லை. பழைய பத்திரிகைப் பக்கங்களை ஸ்கான் செய்து ஒரு சேர்வரில் வைக்கிறோம். இரவில் அதை இன்னொரு சேர்வருக்குப் பிரதி எடுத்து, காலையில் வன்தட்டுகளை வவுனியாவுக்கு அனுப்பவேண்டும். 1981இல் நூலகம் எரிந்த யாழ்ப்பாணம் இது. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்ற நிலை ஒரு நாள்கூட இருக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இரண்டு பக்கமும் செக்கனுக்கு 10 ஜிகாபிற் அனுப்பும் நெட்வேர்க் கார்ட், நடுவில் ஃபைபர். கிடைப்பதோ 3 ஜிகாபிற்றுக்குச் சற்று மேல்.

"சேர்வர் பழசாப் போச்சுது பிள்ளை. புதுசு ஒண்டு எடுப்பமே?" என்று சேர் கேட்டார். கொஞ்ச நாள் பொறுங்கோ என்று சொல்லியிருக்கிறேன். எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் வாங்கும் புதுச் சேர்வரும் அதே இடத்தில்தான் இடிக்கும்.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தின விடுமுறை. ஸ்கானர்கள் ஓடாததால் சோதனைக்கு நல்ல நாள். தம்பியும் வந்திருந்தான்.

முதலில் வன்தட்டைக் கணக்கில் இருந்து எடுத்தோம். நெட்வேர்க் வேகத்தை அளக்கும் ஐபேர்ஃப்3 கருவி நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே அனுப்பும். அதிலும் 3.1 ஜிகாபிற்தான். ஆகவே இந்தத் தடை நெட்வேர்க் பக்கம்.

"அக்கா, வாங்கிற பக்கத்தில சிபியு 97 வீதம் சும்மா கிடக்கு. அதில பிழை இல்லை" என்றான் தம்பி. அந்த 97தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அந்தச் சேர்வரில் 32 கோர்கள், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் சிபியு அலகுகள். ஒரு கோர் மூச்சுவிட இடமில்லாமல் ஓடி, மற்ற 31உம் சும்மா இருந்தால் மொத்தச் சராசரி 3 வீதம்தான் காட்டும். சிபியு வேலையைக் காட்டும் டாப் திரையில் 1ஐ அழுத்தச் சொன்னேன். கோர்கள் தனித்தனி வரியாக விரிந்தன. பூச்சியமாவது கோரில் சொஃப்ட் ஐஆர்கியூ நேரம், அதாவது வந்த தரவைக் கேர்னல் கையாளும் நேரம், 100 வீதம். மற்றவை வெறுமை.

கார்டுக்குப் பக்கெற், அதாவது தரவின் சிறு பொதி, வந்ததும் அது ஒரு கோருக்கு இன்டரப்ட் என்ற அழைப்பு அனுப்பும். பக்கெற்றை எடுத்து, பிரித்து, இணைப்பை நடத்தும் டிசிபி வரைக்கும் கொண்டுபோகும் வேலையும் வழமையில் அதே கோரின் தலையில்தான் விழும். 1500 பைற் பக்கெற்றுகளால் 10 ஜிகாபிற்றை நிரப்பினால் செக்கனுக்கு 8 லட்சத்து 12 ஆயிரம் அளவு பக்கெற் வரும். ஒன்றுக்குக் கிடைப்பது 1.23 மைக்ரோசெக்கன். முதன்மை நினைவகத்தை ஒருதரம் எட்டிப் பார்க்கவே 100 நனோசெக்கன் அளவில் போய்விடும். பன்னிரண்டு தரம் எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கெற்றின் நேரம் தீர்ந்தது. ஒரு கோர் திணறுவதில் என்ன ஆச்சரியம்?

இதற்கு வழி கார்டிலேயே இருக்கிறது, ஆர்எஸ்எஸ் என்று பெயர். அனுப்புபவர், பெறுபவர் ஐபி முகவரிகளையும் இரு போர்ட் எண்களையும் சேர்த்துக் கார்ட் ஒரு ஹாஷ் (சுருக்க எண்) போடும். அதன்படி பக்கெற்றைப் பல வரிசைகளில் ஒன்றுக்குத் தள்ளும். ஒவ்வொரு வரிசைக்கும் தனி இன்டரப்ட், தனிக் கோர். ஒரே இணைப்பின் பக்கெற்றுகள் மட்டும் எப்போதும் ஒரே வரிசைக்குத்தான் போகும். முன்பின்னாக வந்தால் டிசிபி அதை இழப்பு என்று எடுத்து வேகத்தைக் குறைத்துவிடும் அல்லவா, அதனால்தான். இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

கார்டின் அமைப்பைக் காட்டும் ஈத்டூலில் பார்த்தால் கார்ட் 16 வரிசை தாங்கும். ஆனால் அமைத்திருப்பது 1.

பெப்ரவரி 5, புதன்

வரிசையை 16 ஆக்கினோம். இன்டரப்ட் அட்டவணையில் நேற்று ஒரே ஒரு கோரின் நிரல் ஏறியது, இன்று பல நிரல்கள் ஏறின. எட்டு இணைப்பில் 6.8 ஜிகாபிற். தம்பி கை தட்டினான்.

எங்கள் ஐபேர்ஃப்3 பழைய பதிப்பு. 3.16க்கு முந்தியவை எத்தனை இணைப்புக் கொடுத்தாலும் ஒரே த்ரெட்டில்தான், அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரில்தான், ஓடும். அளக்கும் கருவியே ஒரு கோரில் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் வேறு வேறு போர்ட்டுகளில் எட்டுப் பிரதிகளைத் தனித்தனியாக ஓட்டினோம்.

பெப்ரவரி 7, வெள்ளி

சேர்வரில் இரண்டு சொக்கற், அதாவது இரண்டு சிபியு சிப். கார்ட் பொருந்தியிருப்பது முதலாவதின் பக்கம். பதினாறு வரிசைகளில் பாதி மற்றச் சொக்கற்றின் கோர்களில் விழுந்திருந்தன. அந்தக் கோர்கள் ஒவ்வொரு பக்கெற்றுக்கும் இரு சொக்கற்றுக்கும் இடையிலான பாதையைக் கடக்கவேண்டும். மேலே சொன்ன 100 நனோசெக்கன் அங்கே இன்னும் கூடும்.

தம்பி உடனே 0 முதல் 15 வரை எழுதப் போனான். கொஞ்சம் பொறு, கோர்களின் எண்களைக் காட்டும் எல்எஸ்சிபியு என்ன சொல்கிறது என்று பார் என்றேன். இந்த மெஷினில் முதல் சொக்கற்றின் கோர்களுக்கு இரட்டை எண்கள், மற்றதற்கு ஒற்றை எண்கள். எண் வரிசையை நம்பியிருந்தால் பாதி மறுபடி அந்தப் பக்கமே போயிருக்கும். ஐஆர்கியூபாலன்ஸ் சேவையையும் நிறுத்தினோம். அது ஓடினால் நாங்கள் கட்டிவைத்த இன்டரப்டுகளைத் தன் கணக்குப்படி மறுபடி நகர்த்தும். பொதுவான வேலைக்கு அது நல்ல சேவைதான், இங்கே பொருந்தாது. இப்போது 8.5.

இன்னொன்றும் கண்டோம். ஜிஆர்ஓ அணைந்திருந்தது. அடுத்தடுத்து வரும் பக்கெற்றுகளை ஒரு பெரிய துண்டாகச் சேர்த்து மேலே அனுப்பும் வசதி அது. அதை இயக்கினோம்: 9.41.

தம்பிக்கு மிச்சம் 0.59 எங்கே என்ற கவலை. ஒவ்வொரு 1500 பைற் பக்கெற்றும் சுற்றுத் தகவல்களும் இடைவெளியும் சேர்ந்து கம்பியில் 1538 பைற் இடம் பிடிக்கும், அதில் தரவு 1448. கணக்குப் பார்த்தால் 9.41தான் உச்சம். இதற்கு மேல் இந்தக் கம்பியில் பிழிய ஒன்றுமில்லை. மாற்றங்களைத் தற்காலிகமாகவே விட்டிருக்கிறேன், வார இறுதி முழுக்க ஓடிக் காட்டட்டும்.

பெப்ரவரி 9, ஞாயிறு

முற்பகலில் நாடு முழுவதும் கரண்ட் போனது. யூபிஎஸ் தாங்கும்வரை தாங்கிச் சேர்வர்கள் ஒழுங்காக அணைந்தன. கோப்புகள் பத்திரம்.

பெப்ரவரி 10, திங்கள்

சேர்வர் எழும்பியதும் வரிசை மறுபடி 1, ஐஆர்கியூபாலன்ஸும் ஓடிக்கொண்டிருந்தது. வரிசை எண்ணிக்கை, கோர் ஒதுக்கீடு, ஜிஆர்ஓ மூன்றையும் சேர்வர் எழும்பும்போது தானே ஓடும் சிஸ்டம்டி சேவை ஒன்றில் எழுதினேன். ஐஆர்கியூபாலன்ஸைத் தொடக்கத்திலிருந்தும் எடுத்தாயிற்று. பின்னேரம் அறிவித்த மின்வெட்டு வருவதற்குள் நாங்களே ஒருதரம் அணைத்து எழுப்பிப் பார்த்தோம். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

பெப்ரவரி 13, வியாழன்

சோதனையில் 9.41 வந்தும் உண்மையான பிரதி 3 ஜிகாபிற் அளவிலேயே நிற்கிறது. இந்த முறை நெரிசல் அனுப்பும் பக்கம். பிரதி எடுக்கும் ஆர்சிங்க், குறியாக்கம் செய்து அனுப்பும் எஸ்எஸ்எச் வழியாக ஒரே இணைப்பில் போகிறது. அந்த இணைப்பின் குறியாக்கம் முழுவதும் ஒரே கோரில். கோர்களைத் தனித்தனியாக விரித்துப் பார்த்ததில் அதுவும் உடனே தெரிந்தது.

பத்திரிகைகள் ஆண்டுவாரியான கோப்புறைகளில்தான் கிடக்கின்றன. ஒரு ஆர்சிங்க் என்பதை ஆறாகப் பிரித்து, ஆண்டுகளைப் பங்கிட்டுக் கொடுத்தோம். ஆறு இணைப்பு, ஆறு வேறு போர்ட், குறியாக்கத்துக்கு ஆறு கோர். ஹாஷும் அவற்றைப் பல வரிசைகளில் பிரித்துப் போட்டது.

பெப்ரவரி 14, வெள்ளி

நேற்றிரவுப் பிரதி 6.2 ஜிகாபிற்றில் ஓடி நள்ளிரவு ஒன்றரைக்கு முடிந்தது. வன்தட்டுகள் காலை பஸ்ஸில் போய்விட்டன. இப்போது முட்டுவது வாங்கும் பக்கத்து வன்தட்டுகளில். எழுதும் நேரம் முழுக்க அவை 100 வீதத்தில் நிற்கின்றன. சேரிடம் அந்தத் திரையைக் காட்டினேன். புதுச் சேர்வருக்கு ஒதுக்க நினைத்த காசில் ஒரு பங்கில் கூடுதல் வன்தட்டுகள் எடுப்போம் என்றார். எத்தனை வேண்டும் என்ற கணக்கைத் திங்கட்கிழமை கொடுக்கிறேன்.