கழுத்தும் குப்பியும்

அயோடின் குறைபாட்டைக் கணக்கெடுக்கும் வேலைக்கு நான் முதலில் போனது நேபாளத்தின் மலைப் பள்ளி ஒன்றுக்கு. அயோடின் குறைந்தால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வீங்கும்; அந்த வீக்கம்தான் கழலை. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளின் கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தைராய்டின் மடல் அந்தப் பிள்ளையின் கட்டைவிரல் நுனிக்கணுவைவிடப் பெரிதாக இருந்தால் கழலை என்று எழுதிக்கொள்வோம். ஒரு சிறுமியிடம் விரலை நீட்டச் சொன்னேன். விறகு கட்டிக் காய்த்துப்போன விரல். எச்சிலை விழுங்கச் சொன்னதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சின்னக் கழலை என்றால் தொட்டுப் பார்க்கும் இருவருக்கு இரண்டு முடிவு வரும். ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிட அது உதவாது. 1990களில் ஐரோப்பாவில் ஒரே ஸ்கேன் கருவியை வேனில் ஏற்றிக்கொண்டு 12 நாடுகளின் பள்ளிகளுக்குப் போனது இதனால்தான்.

எங்களுக்குக் கைகொடுத்தது சிறுநீர். சீரியம் கலந்த மஞ்சள் கரைசல், மாதிரியில் அயோடின் கூடக்கூட வேகமாக வெளிறும். ஆய்வுக்கு எடுத்த பிள்ளைகளின் இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 300ஐ எட்டினால் மிகை. ஒருமுறை ஒரு பள்ளியின் மாதிரிகள் எல்லாமே எகிறிப்போய் வந்தன. குப்பிகள் வைத்திருந்த அலமாரியில் புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடின் கசிந்திருந்தது! அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி மலையேறினோம். அந்தப் பிள்ளைகள் முகத்தில் விழிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இலங்கை 1995இல் உப்பில் அயோடின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. சில வருடம் கழித்துப் பார்த்தால் சிறுநீரில் அளவு போதுமானதாக இருந்தது. கழுத்தில் கழலை மட்டும் இருந்தது. சிறுநீர் காட்டுவது இந்தச் சில நாள் சாப்பாட்டை. கழலை வற்றவோ மாதங்கள், வருடங்கள்கூட ஆகும். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் அறிக்கை எழுதுவது தவறு என்று நான் இன்றும் வாதாடுகிறேன்.

அங்கே தேயிலைத் தோட்டப் பள்ளி ஒன்றில் ஒரு தாய் கேட்டார்: "இதப் பாத்தா எம் புள்ளைக்குக் கொறை இருக்கான்னு தெரியுமா, மிஸ்?"

தெரியாது. ஒரு பிள்ளையின் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஒற்றைக் குப்பியை வைத்து அவனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வலித்தது. வீட்டு உப்பில் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னேன். காகிதத்தில் மடித்து எடுத்து வந்தார். சோதனைச் சொட்டு விழுந்ததும் உப்பு ஊதாவாக மாறியது; அயோடின் இருந்தது. அது போய்விடாமலிருக்க மூடி வையுங்கள், குழம்பை இறக்கும்போது போடுங்கள் என்றேன். மகனைக் கூப்பிட்டு அந்த நிறத்தைக் காட்டினார்.