கணக்கில் வராத களைப்பு

மூளையில் அடிபட்டு மீண்டவர்களுக்காக நிதி திரட்டும் மலையேற்றத்துக்குத் திட்டம் போட்ட கூட்டத்தில், ஒருவர் நெய்ஸ்மித் விதியை போர்டில் எழுதினார். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு அது. சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர். அதற்குமேல், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். நல்ல திடகாத்திரமான ஆளுக்குச் சரியாக வரும். அதை வைத்தே, மதியத்துக்குள் உச்சிக்குப் போய்விடலாம் என்று முடிவுகட்டினார்கள். மறுவாழ்வுப் பிரிவில் இயன்முறை மருத்துவராக இருப்பவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "நடுவில் எங்கெங்கே உட்காருவோம்?" என்று மட்டும் கேட்டேன்.

"கால் வலித்தால் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாமே" என்றார்கள். கால் இல்லை விஷயம். மூளைக் காயத்துக்குப் பிறகு வரும் களைப்பு வேறு ரகம். முன்பு யோசிக்காமலே செய்த வேலைக்கெல்லாம் இப்போது கவனத்தைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. சத்தம், வெளிச்சம், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவது, எல்லாமே அந்தச் செலவில் சேரும். ராத்திரி நன்றாகத் தூங்கினாலும் முழுசாகத் தீராது. களைத்த பிறகு உட்கார்வதால் பெரிய பலனில்லை. களைப்பதற்கு முன்பே உட்கார வேண்டும்.

வீட்டாருக்கே இது புரிய நாளாகும். கிளாஸ்கோவில் 1974-இல் உருவான அளவுகோலைத்தான் சுயநினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இன்றும் பயன்படுத்துகிறோம். 3 முதல் 15 வரை மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் 'லேசான காயம்' என்று சீட்டில் எழுதிவிடுவோம். 15-க்கு 15 வாங்கியவர் மறுமாதமே வேலைக்குப் போய்விடுவார் என்று வீட்டில் எதிர்பார்ப்பார்கள். அவர் கண் திறந்து பார்க்கிறாரா, சரியாகப் பதில் சொல்கிறாரா, சொன்னபடி கையை அசைக்கிறாரா என்பதைத்தான் அந்த எண் சொல்லும். மாலை நாலு மணிக்கு அவருக்குப் பேச்சே வராமல் போவது அதில் எங்கே தெரியும்?

மலையை உயரம் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். 2,500 மீட்டருக்கு மேல் போனால் யாருக்கும் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரலாம். அடிபட்டவர்களில் பலருக்கு இவை ஏற்கெனவே உண்டு. உயரம் படுத்துகிறதா, பழைய காயமா என்று பாதி மலையில் நின்றுகொண்டு கண்டுபிடிக்க முடியாது. வலிப்பு மாத்திரை அவரவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும், சுமை தூக்குபவரின் மூட்டையில் அல்ல. மண்டையோட்டில் எடுத்த எலும்பை இன்னும் திரும்பப் பொருத்தாதவர்கள் கண்டிப்பாக வரக்கூடாது. கடைசியில் முடிவானது ஒரு சின்ன மலை. "இதற்கா நன்கொடை கேட்கிறீர்கள்?" என்று சிலர் முணுமுணுத்தார்கள். மீட்டர் கணக்கில் இரக்கப்படுகிறவர்களை என்ன செய்வது!

எங்களுடன் வந்த ஓர் இளைஞர், ஆஸ்பத்திரி நடைபாதையில் பிசிறில்லாமல் நடந்தவர். தொடைத்தசை, முட்டி எல்லாம் என் குறிப்பேட்டில் 'சரி'. கல் பரவிய பாதைக்கு வந்ததும் வழக்கம்போல் பேச்சுக் கொடுத்தேன். அவர் நின்றுவிட்டார். "சார், கொஞ்சம் பேசாம வாங்களேன். பேசினா கால் மறந்துடுது" என்றார். பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பின்னால் அதிகம் விழுகிறார்கள் என்று 1997-இல் சுவீடனில் கண்டறிந்தார்கள். படித்த விஷயம்தான். ஆனால் வழவழப்பான தரையும் கைப்பிடியும் இருக்கும் இடத்தில் அது கண்ணில் படுவதில்லை. மலையிலோ எந்தக் கல்லில் கால் வைப்பது என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இறக்கம் இன்னும் மோசம். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்புக்குப் பிரேக் போட வேண்டும். கண் ஆழத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அதற்காக மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மங்கலான டேப் ஒட்டியிருந்தார். ஒற்றைக் கண்ணில் பார்த்தால் பிம்பம் ஒன்றாகிவிடும், ஆழம் போய்விடும். அவர் முதலில் கைத்தடியை இறக்கித் தட்டிப் பார்ப்பார். அப்புறம் குதிகால், அப்புறம் முழுப் பாதம். பின்னால் வந்தவர்கள் அவசரப்படுத்தியபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பினால் தலை சுற்றும் என்று அவருக்குத் தெரியும்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர், "போதும், நான் இங்கேயே இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார். ஏற்பாட்டாளர்களுக்கு மனசு கேட்கவில்லை. உச்சியில் பேனரோடு எடுக்கும் படத்தில் அவரும் இருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு பக்கம் உற்சாகப்படுத்தினார்கள். அவருடைய மனைவி குறுக்கே வந்தார்: "அவர் வேணாம்னா விட்டுடுங்க. போதும்னு சொல்றதுக்கே எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா?"

அந்த அம்மா சொன்னதன் கனம் எனக்குத் தெரியும். நெற்றிப் பக்க மூளையில் அடிபட்டால் தன்னால் எது முடியும், எது முடியாது என்ற கணிப்பே சிலருக்குப் போய்விடும். இவரும் அப்படித்தான், வார்டில் எழுந்து நிற்கவே முடியாத நாளில் பைக்கின் சாவியைக் கேட்டுச் சண்டை போட்டவர். அவர் தானாகவே எல்லையை உணர்ந்து உட்கார்ந்ததுதான் அன்று நடந்த பெரிய விஷயம் என்பேன். நன்றியுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. உச்சியைத் தொட்டவர்களின் பெயர்களை மட்டும் வாசித்தார்கள்.

வேலைக்குத் திரும்பியதும் வீட்டுக்கு அனுப்புமுன் செய்யும் சோதனையை மாற்றினேன். இப்போது கட்டடத்துக்கு வெளியே சரளைக்கல்லில், பேச்சுக் கொடுத்தபடி நடக்கவிட்டுப் பார்க்கிறோம். அன்றைக்கு எல்லோரும் நன்றாகவே நடக்கிறார்கள். அதனால் மறுநாள் வீட்டுக்கு போன் செய்து, எத்தனை மணிக்கு எழுந்தார், எப்போது படுத்தார், எரிந்து விழுந்தாரா என்று கேட்கிறோம். சீட்டில் எழுத வேண்டிய விஷயம் பெரும்பாலும் அந்த போனில்தான் கிடைக்கிறது. இதற்கு ஆகும் நேரத்தை எந்தத் தலைப்பில் கணக்கெழுதுவது என்று நிர்வாகத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.