ரொட்டிக்கும் தடிக்கும் நடுவே ஒரு மூக்கொலி

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் இறங்கிய மறுநாள் காலை ஒரு ரொட்டிக்கடையில் நின்று, மூன்று மாதங்களாகச் சொல்லிப் பழகியிருந்த போர்த்துக்கீசியச் சொல்லை மிகுந்த தன்னம்பிக்கையோடு சொன்னேன். கடையிலிருந்த பெண்மணி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த ரொட்டியைச் சுட்டிக்காட்டி, 'பாவ்ங்' என்று மூக்கால் ஒலித்துக் காட்டினார். நான் கேட்டிருந்தது 'பாவ்'. அதற்கு அந்த மொழியில் தடி என்று பொருள். ரொட்டிக்கும் தடிக்கும் இடையே இருப்பது மூக்கின் வழியே போகும் கொஞ்சம் காற்று மட்டுமே.

வெட்கமாக இருந்ததற்குக் காரணம், இந்த ஒலி தமிழருக்குப் புதியதே அல்ல என்பதுதான். 'வந்தான்' என்று எழுதுகிறோம். ஆனால் பேசும்போது கடைசி னகரத்துக்காக நாக்கு மேலே போய்த் தொடுவதில்லை, உயிரொலி மூக்கில் கரைந்து அப்படியே நின்றுவிடுகிறது. 'மரம்' என்று பேச்சில் சொல்லும்போதும் உதடுகள் மூடுவதில்லை. எழுத்துத் தமிழை மறந்துவிட்டு, வீட்டில் பேசுவதைப் போல 'வந்தான்' என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, அதே மூக்கோடு 'பாவ்ங்' என்று சொன்னால் ஏறக்குறைய சரியாக வந்துவிடுகிறது. இல்லை என்பதற்கான 'நாவ்ங்', ரயில் நிலையத்துக்கான 'ஷ்தசாவ்ங்' ஆகிய இரண்டும் அதே வாலோடு முடிபவை என்பதால், ஒன்று பிடிபட்டவுடன் மற்றவையும் பின்னாலேயே வந்தன.

நான் செய்த முதல் பிழை ஊரிலிருந்து புறப்படும் முன்பே நிகழ்ந்துவிட்டது. கைபேசியில் நான் பயன்படுத்திய செயலி கற்பித்தது பிரேசில் நாட்டுப் போர்த்துக்கீசியம். பிரேசிலில் ரயிலுக்கு 'த்ரேங்', பேருந்துக்கு 'ஓனிபுஸ்', பழச்சாற்றுக்கு 'சூக்கு'. போர்ச்சுகலிலோ முறையே 'கொம்பொயு', 'ஆவ்துகாரு', 'சூமு'. பிரேசில் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்கள் என்பதால் நாம் எந்தச் சொல்லைச் சொன்னாலும் லிஸ்பன்காரர்களுக்குப் புரிந்துவிடும். அவர்கள் திருப்பிச் சொல்வது நமக்குப் புரியாது என்பதுதான் சிக்கல். பிரேசிலியர் உயிரெழுத்துகளை வாய் திறந்து பாடுவதுபோல் ஒலிக்கிறார்கள். போர்ச்சுகல்காரர்கள் அழுத்தம் விழாத உயிர்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள், சொல்லின் இறுதியில் வரும் சகரத்தையும் 'ஷ்' என்று ஆக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து என்பதற்கு அவர்கள் சொல்லும் மூன்று சொற்கள் காதில் 'ஸ்ஃபாஷ்ஃபவோர்' என்று ஒரே மூச்சாகத்தான் வந்து விழும். அதைப் புத்தகத்தில் படித்தவர் கடையில் கேட்டால் அடையாளம் காணமாட்டார். எனவே, புறப்படும் முன் எத்தனை சொற்களை மனப்பாடம் செய்தோம் என்பதைவிட, எந்த நாட்டுக் குரலில் கேட்டோம் என்பதே முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து ரோமன் எழுத்தைக் கைவிட்டு, கேட்ட ஒலியைக் கேட்டபடியே தமிழ் எழுத்தில் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். ரோமன் எழுத்தைப் பார்த்தவுடன் நம் மனம் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது. தமிழ் எழுத்து அப்படி ஏமாற்றுவதில்லை. குளியலறையைக் குறிக்கும் 'காச த் பாஞு', திராட்சை மதுவாகிய 'வீஞு' போன்றவற்றில் வரும் மெல்லொலிக்கு நம் ஞகரம் அளந்து தைத்தது போலப் பொருந்துகிறது. இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. 1554-இல் இதே லிஸ்பன் நகரத்தில் கிறித்தவ மறைக்கல்விக்கான ஒரு சிறு நூல் அச்சாயிற்று. தமிழ் எழுத்துகள் அப்போது வார்க்கப்படவில்லை என்பதால், அதில் தமிழை ரோமன் எழுத்தில், போர்த்துக்கீசியத்தோடு சேர்த்து அச்சிட்டார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது 1578-இல்தான். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவர்கள் மொழியை நான் நம் எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழைய உறவின் மிச்சம் நம் வாயிலேயே இருப்பதைத் தங்கும் விடுதியின் அறையில்தான் முழுதாக உணர்ந்தேன். வரவேற்பில் கொடுத்தது 'ஷாவ்', அதாவது சாவி. அறைக்குள் 'ஜனெல', சன்னல். துணி வைக்க 'அர்மாரியு', அலமாரி. குளியலறையில் 'துவால்ய', துவாலை. வெளியே 'வராந்த'. சட்டையில் அறுந்துபோனது 'பொதாவ்ங்', பொத்தான். மேசையும், அன்னாசியும், ஏலமும், பீப்பாயும், கட்டட வேலைக்கு வரும் மேஸ்திரியும் அதே கப்பலில் வந்தவர்கள்தான். இலங்கைத் தமிழர் என்றால் கையிருப்பு இன்னும் கூடுதல்: கதிரை (நாற்காலி), சப்பாத்து (காலணி), குசினி (சமையலறை), தவறணை (மதுக்கடை), பாண் (ரொட்டி) என்று அவர்கள் அன்றாடம் புழங்குவதைக் கொஞ்சம் மூக்கும் கொஞ்சம் 'ஷ்'ஷும் சேர்த்துச் சொன்னாலே பாதி வீட்டை நிரப்பிவிடலாம். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் உடன் வந்திருந்தால் ரொட்டிக்கடையில் எனக்கு அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

வணக்கச் சொற்கள் எளியவை. மதிய உணவு வரை 'பொங் தீஅ', பிறகு 'போஅ தார்த்', இருட்டிய பின் 'போஅ நோய்த்'. கடைசியாகச் சொன்னது விடைபெறும்போது மட்டுமல்லாமல், இரவில் ஒரு கடைக்குள் நுழையும்போதும் சொல்ல வேண்டியது. நன்றி சொல்வதில் சொல்பவர் ஆணா பெண்ணா என்பதுதான் கணக்கு. கேட்பவர் யாராக இருந்தாலும் ஆண் 'ஒப்ரிகாது' என்றும், பெண் 'ஒப்ரிகாத' என்றும் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரே ஒரு சொல்லைத்தான் கற்க நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் 'க்ரீஅ' என்பதைத்தான் கொடுப்பேன். வேண்டும் என்று நேரடியாகச் சொல்லாமல், வேண்டியிருந்தது என்று இறந்த காலத்தில் தள்ளி வைத்துப் பணிவாகக் கேட்கும் வடிவம் அது. 'க்ரீஅ' என்று தொடங்கி, பொருளைக் காட்டி, 'ஸ்ஃபாஷ்ஃபவோர்' என்று முடித்தால் காப்பியும் கிடைக்கும், பயணச்சீட்டும் கிடைக்கும். இதை வைத்து அங்கே பரிமாறுபவர்கள் அடிக்கும் பழைய நகைச்சுவை ஒன்று உண்டு: "வேண்டியிருந்ததா? அப்படியானால் இப்போது வேண்டாமா?" எனக்கும் அது ஒருமுறை கிடைத்தது. அதைப் புரிந்துகொண்டு சிரித்த அந்த ஒரு நொடியின் பெருமை இன்னும் தீரவில்லை. முன்பின் தெரியாதவரை அவர்கள் 'நீ' என்பதில்லை. 'ஐயாவுக்கு என்ன வேண்டும்' என்பதைப் போல 'உ ஸ்ஞோர்', 'அ ஸ்ஞோர' என்று படர்க்கையில் சொல்லி மரியாதை காட்டுகிறார்கள். மரியாதைக்கென்று தனி வடிவம் வைத்திருக்கும் மொழியிலிருந்து போகிறவருக்கு இது உடனே பிடிபட்டுவிடும்.

கிழமைகளில் மறுபடியும் விழுந்தேன். அவர்கள் கிழமைகளுக்குக் கோள்களின் பெயரை வைக்கவில்லை, ஞாயிறும் சனியும் தவிர மற்ற நாள்களை எண்ணித்தான் அழைக்கிறார்கள். ஞாயிறு முதல் நாள் என்பதால் திங்கள் 'ஸ்குந்த-ஃபைர', அதாவது இரண்டாவது. அறிவிப்புகளில் வெறும் 2 என்று மட்டும் சுருக்கி எழுதிவிடுவார்கள். ஓர் அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளாக 2 என்று போட்டிருந்ததைச் செவ்வாய் என்று எடுத்துக்கொண்டு, திங்களன்று மலையேறிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கதவு என்றதும் நினைவுக்கு வருகிறது: கதவில் எழுதியிருப்பதை வாசித்தால் 'புஷ்' என்றே ஒலிக்கும், ஆனால் இழு என்று பொருள். இதைத் தெரிந்துகொண்டு போனவன்தான் நான். இருந்தும் ஒவ்வொரு முறையும் தள்ளினேன்.

ரயில் நிலையத்தில் பேசுவதைவிடப் படிப்பதே அதிகம் உதவுகிறது. சீட்டுக்கு 'பில்யேத்', போகவர என்றால் 'ஈத இ வோல்த'. பலகையில் வண்டியின் பெயருக்கு எதிரே 'சுப்ரிமீது' என்று வந்தால் அது தாமதமல்ல, ரத்து. பக்கத்திலிருப்பவர்கள் 'க்ரெவ்' என்று முணுமுணுத்தால் வேலைநிறுத்தம். சிந்த்ராவுக்குப் புறப்பட்ட காலையில் இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாகவே கற்றேன்.

உணவகத்தில் உட்கார்ந்தவுடன் கேட்காமலேயே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் காய் எல்லாம் மேசைக்கு வந்துவிடும். அவை இலவசமல்ல, ஆனால் கேட்காமல் வைத்ததைத் தொடாமல் விட்டால் அதற்குப் பணம் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். 'நாவ்ங், ஒப்ரிகாது' என்றால் முகம் சுளிக்காமல் எடுத்துப் போய்விடுவார்கள். கடைசி நாள் நான் அப்படிச் சொல்லிவிட்டு உணவுப் பட்டியலைத் திறந்தபோது, முதல் வரியிலேயே 'கஞ்ஜ' என்று இருந்தது. கோழிச்சாற்றில் சோறு வெந்து வரும் அந்தக் குழம்பலான வடிசாறு, நம் கரையிலிருந்து கப்பலேறிப் போன கஞ்சியேதான். மிக எளிதான வேலையைக்கூட 'அது கஞ்சி' என்று சொல்லும் அளவுக்கு அவர்கள் மொழியில் ஊறிவிட்டது. பரிமாறியவரிடம் இது எங்கள் சொல் என்று சொல்லிவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதற்கு வேண்டிய வினைச்சொற்கள் என் குறிப்பேட்டில் இல்லை. கிண்ணமும் ஆறிக்கொண்டிருந்தது; குடித்துவிட்டு, 'அ கோந்த, ஸ்ஃபாஷ்ஃபவோர்' என்று கணக்கைக் கேட்டேன்.