அத்தை சொன்ன நம்பர் ஒன்

எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை ராத்திரி அடுப்பு எரியாது. தோற்றவர் கீழே காப்பிக்கடைக்குப் போய் எல்லாருக்கும் பிராட்டா வாங்கி வர வேண்டும், அதுதான் ஏற்பாடு. எதில் தோற்றவர் என்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் இந்த வாரம் எந்தப் பாட்டு முதலிடத்துக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லும் போட்டி. சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு நாலறை வீட்டில் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, அமெரிக்காக்காரன் எந்தப் பாட்டைக் கேட்பான் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் குடும்பம் இந்தத் தீவில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

பைத்தியம் என்னிடமிருந்து தொற்றியதுதான். பள்ளியில் படிக்கும்போதே பாட்டுப் பட்டியலை வாராவாரம் நோட்டில் எழுதி வைத்தவன் நான். ஒருமுறை கணக்கு வாத்தியார் அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, முதலிடம் இரண்டாமிடம் என்று பெயர்கள் இருப்பதைக் கண்டு, “இந்தப் பிள்ளைகள் எல்லாம் எந்த வகுப்பு?” என்று கேட்டார்.

அது குடும்பப் போட்டியாக மாறியது 2022 தீபாவளியன்று. அக்டோபர் 24, திங்கட்கிழமை. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் டெய்லர் ஸ்விஃப்டின் ‘மிட்நைட்ஸ்’ ஆல்பம் வந்திருந்தது. முறுக்கு டப்பா கைமாறிக்கொண்டிருந்த நேரத்தில் மகள், “அப்பா, முதல் பத்து இடமும் டெய்லருக்குத்தான், பாருங்க” என்றாள். அனுபவஸ்தன் சும்மா இருப்பானா? முறுக்கைக் கடித்தபடி பாடம் எடுத்தேன். 1964 ஏப்ரலில் பீட்டில்ஸ் முதல் ஐந்து இடத்தையும் பிடித்தார்கள், அந்தப் பேச்சு அரை நூற்றாண்டு ஓடியது. 2021-இல் டிரேக் பத்தில் ஒன்பது வரைக்கும் போனார். பத்துக்குப் பத்து என்பது நடக்கிற காரியமா, கண்ணு? என் மனைவியின் தம்பி நடுவில் புகுந்து, “அத்தான், அவ்வளவு நிச்சயம்னா பெட்டு வைங்க” என்றான். வைத்தேன்.

மறு செவ்வாய் காலையில் போனைத் திறந்தால் பத்தும் டெய்லர். 1958-இல் அந்தப் பட்டியல் தொடங்கியதிலிருந்து யாருக்கும் அமையாதது, நான் பெட்டு கட்டிய வாரம் பார்த்து அமைந்தது. அன்று நான் வாங்கிய பிராட்டா இருபத்திரண்டு. தீபாவளிக்கு வந்து போன சொந்தக்காரர்களையும் மகள் ஞாபகமாகத் திரும்பக் கூப்பிட்டிருந்தாள்.

மச்சானுக்குக் காசு வைத்து ஆட ஆசை. ஆனால் 2022 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த சூதாட்டச் சட்டத்தில், வீட்டில் சொந்தபந்தம் நேரில் கூடி ஆடுவதற்குத்தான் இடம் இருக்கிறது, இணையத்தில் ஆடுவதற்கு இல்லை. எங்கள் கணிப்பெல்லாம் போய் விழுவது வாட்ஸ்அப் குழுவில். என் மனைவியோ அரசாங்க வேலையில் இருப்பவள். தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். பிராட்டா என்று முடிவானது.

மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. அவனுக்கு உலகத்தில் எல்லாமே 4டி, அதாவது நாலு இலக்க லாட்டரி. ரோட்டில் கார் இடித்துக்கொண்டு நின்றால் முதலில் நம்பர் பிளேட்டைத்தான் படிப்பான், அப்புறம்தான் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பான். 4டி-யில் முதல் மூன்று பரிசு போக ஸ்டார்ட்டர் பத்து, கன்சலேஷன் பத்து, ஆக ஒரு குலுக்கலுக்கு 23 நம்பர் அல்லவா, அதே கணக்கில் “என் பாட்டு 19-ஆவது இடத்தில் இருக்கே அத்தான், கன்சலேஷன் கிடையாதா?” என்று கேட்பான். ஒரு வாரம் டோட்டோ லாட்டரியில் கூடுதல் நம்பர் சேர்த்துப் போடுகிற மாதிரி ‘சிஸ்டம் 7’ என்று தலைப்பு போட்டு ஏழு பாட்டை எழுதி அனுப்பினான்.

சரி, இதில் கணிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, என் மனைவி கேட்க மறுத்ததை நீங்களாவது கேளுங்கள். பில்போர்டுக்கு ஒரு வாரம் என்பது வெள்ளிக்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடிவது. அந்த ஏழு நாளில் ஸ்ட்ரீமிங், ரேடியோ, விற்பனை மூன்றும் சேர்ந்து ஒரு பாட்டின் இடம் தீர்மானமாகும். ரேடியோ யானை மாதிரி, ஏறவும் நாளாகும் இறங்கவும் நாளாகும். விற்பனை தீபாவளி வெடி, ரசிகர்கள் கூடிப் பேசி முதல் வாரம் வாங்கித் தள்ளினால் பாட்டு எகிறும், அடுத்த வாரம் வெறும் புகைதான். ஸ்ட்ரீமிங்கில் காசு கட்டிக் கேட்பவருக்கு மதிப்பு அதிகம், விளம்பரத்தோடு ஓசியில் கேட்பவருக்குக் குறைவு. (“அங்கேயும் நம்மள மதிக்க மாட்டாங்களா?” என்றான் மச்சான்.) ஸ்பாட்டிஃபை தினமும் வெளியிடும் எண்ணிக்கையை எடுத்து, மற்றதை ஊகித்து, எக்செல்லில் போட்டுக் கூட்டினால் ஓரளவு பிடிபடும். அலுவலகத்தில் சரக்குக் கப்பல் கணக்கு பார்ப்பவனுக்கு இது ஒரு பாடா?

பட்டியலின் உச்சியை அவர்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மதியம் அறிவிப்பார்கள். நமக்கு அது செவ்வாய் விடியற்காலை இரண்டு, மூன்று மணி. ஒருநாள் போர்வைக்குள் போன் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு மனைவி, “இந்த நேரத்தில யார்கிட்ட பேசுறீங்க?” என்று பிடுங்கினாள். பில்போர்டு இருந்தது. அவள் முகத்தில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்படி எல்லா விவரமும் தெரிந்த நான்தான் வீட்டில் அதிகமாகப் பிராட்டா வாங்கியவன். ஆனால் அதிலும் பெரிய அடி விழுந்தது 2023 கிறிஸ்மஸ் சமயத்தில். அடித்தவர் என் அத்தை, அதாவது மாமியார்.

அத்தைக்கு வயது அப்போது 78. தமிழ் வானொலி ஒலி 96.8 தவிர வேறு ஸ்டேஷன் வைக்க விடமாட்டார். எங்கள் போட்டியைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கி வைத்திருந்தவர், ஒருநாள் “எது அதிகமா வித்ததுன்னு அவனுக்கு எப்படித் தெரியும், மாப்பிள்ளை?” என்று கேட்டார். உற்சாகமாகிவிட்டேன். 1952-இல் பிரிட்டனில் முதல் பட்டியல் போட்டபோது, ஒரு பத்திரிகைக்காரர் இருபது கடைக்குப் போன் போட்டு “எது நன்றாகப் போகிறது?” என்று கேட்டுத்தான் எழுதினார் என்றேன். அத்தை சிரித்தார். “தேக்காவில கேசட் கடைக்காரன்கிட்ட கேட்ட மாதிரிதான். விக்காத கேசட்டைத்தான் ‘இதுதான்க்கா இப்ப ஓடுது’ன்னு என் தலையில கட்டுவான்.”

நான் நாலு கட்டுரை படித்துத் தெரிந்துகொண்டதை அத்தை ஒரு கேசட்டை வைத்துச் சொல்லிவிட்டார். அமெரிக்காவிலும் 1991 வரை கடைக்காரர்கள் வாயால் சொன்னதுதான் கணக்கு. அந்த மே மாதம் பார்கோடைத் தட்டி எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறை ஆல்பம் பட்டியலுக்கு வந்தது, வந்த வேகத்தில் தலைகீழாயிற்று. ஜூனிலேயே என்.டபிள்யூ.ஏ என்ற ராப் குழுவின் ஆல்பம் உச்சிக்குப் போனது, செப்டம்பரில் கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸ் வந்த முதல் வாரமே முதலிடத்தில் உட்கார்ந்தார். அதுவரை விற்றுக்கொண்டிருந்த பாட்டுதான், சொல்வாரில்லை, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் கடைசி. முதலிடத்தில் ராப் பாடகர் ஜாக் ஹார்லோ இருந்தார். அடுத்த வாரம் கிறிஸ்மஸ் பாட்டுகள் படையெடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், எது என்பதில்தான் கேள்வி. எனக்கு அதுவும் கேள்வியே இல்லை. மரியா கேரியின் ‘ஆல் ஐ வாண்ட் ஃபார் கிறிஸ்மஸ் இஸ் யூ’. 1994-இல் வந்த பாட்டு, முதலிடம் தொட 2019 வரை 25 வருஷம் காத்திருந்தது, அப்புறம் ஒரு டிசம்பர் தவறியதில்லை. எக்செல்லும் மரியா என்றது. குழுவில் போட்டேன், பக்கத்தில் ஒரு கிரீடம் படமும் வைத்தேன்.

அத்தை சமையலறையில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “கீழ சூப்பர்மார்க்கெட்டில பத்து நாளா ஒரே பாட்டைப் போட்டுக் கொல்றான், அது வராதா?” என்றார். எந்தப் பாட்டு? பெயர் தெரியாது. முணுமுணுத்துக் காட்டினார். கூகுளில் ராகத்தை முணுமுணுத்தால் பாட்டைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறதே, மகள் போனை எடுத்துப் பாட்டியின் வாயருகே பிடித்தாள். முதல் தடவை ஒரு முருகன் பாட்டு வந்தது. இரண்டாம் தடவை பாட்டி தும்மியதால் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் தடவை மின்விசிறியை நிறுத்திவிட்டு, கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு, கண்ணில் தண்ணீர் வழிய, அத்தை தாளம் போட்டு முழுதாகப் பாடினார். வார்த்தைக்குப் பதில் எல்லாம் லாலா. வந்துவிட்டது. பிரெண்டா லீ, ‘ராக்கிங் அரவுண்ட் த கிறிஸ்மஸ் ட்ரீ’, 1958.

“இது எங்க காலத்துப் பாட்டுல்ல” என்றார் அத்தை. அவருடைய அப்பா செம்பவாங்கில் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். துரை வீட்டுப் பக்கம் கிறிஸ்மஸ் சமயத்தில் கேட்ட பாட்டாம், பதினாறு பதினேழு வயதில். பாடியவர் அதைப் பதிவு செய்தபோது 13 வயது, இப்போது 78 என்று மகள் படித்துச் சொன்னாள். அத்தை வெங்காயத்தைக் கீழே வைத்தார். “என் வயசா? அப்ப அவளுக்கே போடு.”

நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று பிற்பாடு சாட்சி சொன்னார்கள்.

டிசம்பர் 5, விடியற்காலை. பிரெண்டா லீ முதலிடம், மரியா கேரி இரண்டாமிடம். 65 வருஷத்துக்கு முன் வந்த பாட்டு! தூக்கம் போனதால் எழுந்து எக்செல்லைத் திறந்து பார்த்தேன். ஹாட் 100 என்பது அமெரிக்காவுக்குள் கேட்பதை மட்டும் எண்ணுவது, நான் எடுத்துப் போட்டிருந்ததோ உலகம் முழுவதற்குமான எண்ணிக்கை. கப்பல் கணக்கில் இப்படிச் செய்திருந்தால் ஜகார்த்தா போக வேண்டிய பெட்டி ஜித்தாவில் இறங்கியிருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. “அமெரிக்கர்கள் மாறிவிட்டார்கள்” என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் வாரம் அத்தை, “ஒரு வாரத்திலயா எறங்கிடுவா?” என்று அதே பெயரைச் சொன்னார். சரியாக வந்தது. மூன்றாம் வாரம் எனக்குப் புத்தி வந்து, அத்தை வழியே நம் வழி என்று பிரெண்டா லீ எழுதினேன். அத்தையோ பருப்பு கடைந்துகொண்டே, “பாவம், அந்த இன்னொரு பொண்ணும் வருஷா வருஷம் வந்து நிக்குதே, இந்த வாரம் அவளுக்கு விடுவோம்” என்றார். மரியா கேரி முதலிடம். நாலாவது வாரமும் மரியா, அதையும் அத்தை சொன்னார், நான் என்ன எழுதினேன் என்பது வேண்டாம். மச்சான் அம்மாவை ஓரமாகக் கூட்டிப் போய் ஏதாவது நாலு நம்பர் சொல்லும்படி கெஞ்சியதைக் கண்ணால் பார்த்தேன். அத்தை 1958 என்றார். வாங்கினான். கன்சலேஷன்கூட இல்லை.

ஐந்தாவது வாரம் வந்தபோது நான் முழுச் சரணாகதி. எக்செல்லில் இந்தத் தடவை அமெரிக்க எண்களை ஒழுங்காகப் போட்டிருந்தேன், அது பிரெண்டா லீ என்று சொன்னது. வெள்ளி முதல் வியாழன் என்றால் டிசம்பர் 22 முதல் 28, கிறிஸ்மஸ் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது, பண்டிகைப் பாட்டு எப்படி இறங்கும்? எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் அத்தை, “கிறிஸ்மஸ்தான் முடிஞ்சிடுச்சே, இனிமே அந்தப் பாட்டை யாரு கேப்பா, அந்தப் பழைய பையனே வரட்டும்” என்று ஜாக் ஹார்லோவைச் சொல்லிவிட்டார். எக்செல்லை மூடிவிட்டு நானும் ஜாக் ஹார்லோ என்று போட்டேன். மகள் மட்டும் காலண்டரைப் பார்த்துவிட்டு பிரெண்டா லீ என்று எழுதினாள். வெள்ளி, வியாழன் சங்கதியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

ஜனவரி 6 தேதியிட்ட பட்டியலில் பிரெண்டா லீ மறுபடியும் முதலிடம். ஜாக் ஹார்லோ வந்தார், அடுத்த வாரம்.

தோற்றவர் இரண்டு பேர் என்பதால் இரண்டு பேருமாகக் கீழே போனோம். வரிசை நீளம். மாவு தட்டுகிறவரிடம் எட்டு கொசோங் (உள்ளே ஒன்றும் வைக்காத வெறும் பிராட்டா), மூன்று முட்டை, குழம்பு தனியாக என்று சொல்லிவிட்டு நின்றோம். காப்பிக்கடையில் இன்னும் கிறிஸ்மஸ் விளக்கை அவிழ்க்கவில்லை, அதற்குள் சீனப் புத்தாண்டுக்குச் சிவப்புத் தோரணம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்.

“ஏன் மாப்பிள்ளை, கணக்குத் தெரிஞ்சவரு நீங்க. நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னா, அதைப் பார்த்தா எழுதுறது?”